ட்ரக்டருக்குப் பெண் பார்த்த புரோக்கர்

கடையில் ஒரு பொருளை வாங்கலாம் என்பதையே ஒத்துக்கொள்ளாத மனிதர் ரொறன்ரோ முழுவதற்கும் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் வளவுக்கு வாய்த்தார். காசை நீட்டிப் பொருளைத் தூக்கிக்கொண்டு வருவது ஆள்கடத்தலுக்குச் சமம் என்பது அவருடைய கட்சி. விசாரிக்க வேண்டும், போய்ப் பார்க்க வேண்டும், வீட்டுக்கு வந்து யோசிக்க வேண்டும், பேசி முடிக்க வேண்டும், பிறகு நல்ல நாளில் அழைத்து வர வேண்டும். அது ஒரு வாளியாக இருந்தாலும் சரி.

தொழில் அப்படி. கலியாணப் புரோக்கர். மல்வேர்னில் எங்கள் டவுன்ஹவுஸ் வரிசையில் என் வீட்டுக்கு நாலு கதவு தள்ளி இருந்தார். சொந்தப் பெயர் தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் புரோக்கர்தான். சைவக்காரருக்கும் பார்ப்பார், கிறிஸ்தவ வேதக்காரருக்கும் பார்ப்பார்.

ஒருமுறை பாவித்த பிரிஜ் ஒன்று பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார். விற்கிற பெண் கதவைத் திறந்து திறந்து காட்டுகிறாள், இவர் உள்ளே எட்டியும் பார்க்கவில்லை. "முந்தி இருந்த இடத்திலை ஏனாம் சரிவரேல்லை? அதைக் கேளும் தம்பி," என்றார். வீடு மாறுகிறோம் என்றாள் அவள். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அந்தப் பிரிஜ் இரவில் சத்தம் போடுமா, குணம் எப்படி என்று என்னை விட்டு விசாரித்தார். பக்கத்து வீட்டுக்காரர் பொலிசைக் கூப்பிடப் போனதால் அந்தச் சம்பந்தம் முறிந்தது.

சப்பாத்துக் கடையில் இன்னும் மோசம். ஒரு பெட்டியில் இருந்த இடதுகால் சப்பாத்தையும் இன்னொரு பெட்டியில் இருந்த வலதுகால் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு நடந்து பார்ப்பார். "சோடி எண்டு பெட்டியிலை போட்டு மூடினால் சோடியாகுமோ? அதுகளின்ரை சம்மதம் ஆரும் கேட்டவையோ?" என்பார். எனக்கு அன்று சிரிப்பு வந்தது. ஆனால் அதன் பிறகு சப்பாத்து வாங்கும்போதெல்லாம் ஒரு கணம் யோசிக்கத்தான் செய்கிறேன்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு ட்ரக்டர் வந்து சேர்ந்தது. ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப் பக்கம் காணியோடு இருந்த ஒருவர், மகனுக்குப் பொம்பிளை பார்த்துக் கொடுத்த நன்றிக்கு, தான் காணியை விட்டுப் போகும்போது தன்னுடைய சின்னச் சிவப்பு ட்ரக்டரை இவருக்குக் கொடுத்துவிட்டார். வெயிலில் நின்று நிறம் மங்கின ஒன்று. முன்னால் இரண்டு இரும்புக் கை இருக்கும்; கையில் ஒன்றும் இருக்காது. விருந்தாளிகள் கார் விடுகிற இடத்தில் அதை நிறுத்திவிட்டு, காலமை காலமை துடைப்பார். கலியாணம் ஆகாத தம்பியைப் பார்க்கிற மாதிரி ஒரு கவலையோடு பார்ப்பார்.

அந்த வருடம் எங்கள் வளவுக்கு ஒரு பெரிய கவலை இருந்தது. பிலிப்பு அண்ணைக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யாது. கிழமைக்கு மூன்று காலை ஆஸ்பத்திரி வான் வாசலுக்கு வந்து அவரை ஏற்றிப் போய், மெசினில் இரத்தம் சுத்தமாக்கி, திரும்பக் கொண்டு வந்து விடும். பனி தள்ளுகிற கொம்பனிக்காரர் வருவது மத்தியானம். போன குளிர்காலம் ஒருநாள் வான் உள்ளே வர முடியாமல் வளவின் வாயில் நின்றுவிட்டது. பிலிப்பு அண்ணையை ஒரு பக்கம் அவர் மனைவி திரேசா அக்காவும் மற்றப் பக்கம் நானும் பிடித்து, முழங்கால் பனிக்குள்ளால் நடத்திக்கொண்டு போனோம். அவர் வழிநெடுகப் பகிடி விட்டுக்கொண்டு வந்தார். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

திரேசா அக்காதான் வளவுக் கமிற்றியின் தலைவி. மன்னார்க்காரி. கூட்டத்தில் எழும்பி, அந்தக் கொம்பனியை நிற்பாட்டிவிட்டு வேறு ஆளைப் பிடிக்க வேண்டும் என்றார். பின்வரிசையில் இருந்து புரோக்கர் எழும்பினார்.

"வேறை ஆள் ஏன்? என்ரை பெடியன் சும்மாதானே நிக்கிறான்."

"ஆர் அண்ணை பெடியன்?"

"ட்ரக்டர்."

"அதுக்கு முன்னாலை பனி தள்ளுற பிளேட் இருக்கோ?"

"இல்லை. பாப்பம்."

அந்தப் "பாப்பம்" தொழில்முறைப் பாப்பம் என்பது எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

திரேசா அக்கா ஒரு நிபந்தனை போட்டார். முதல் பெரும்பனிக்கு, வான் வரும் நேரத்துக்கு முன்னர் தன் வாசலிலிருந்து வீதி வரைக்கும் துப்பரவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த நாளே புதுக் கொம்பனி வரும், ட்ரக்டர் வளவை விட்டு வெளியே போகும். "பகிடி இல்லை அண்ணை. இந்த மனிசன் ஒரு நாள் மெசினிலை ஏறாட்டில் என்ன நடக்கும் எண்டு டொக்டர் எனக்குச் சொன்னவர். உங்களுக்குச் சொல்லேல்லை."

"தங்கச்சி, நான் பொறுப்பு," என்றார் புரோக்கர். அவர் குரலில் விளையாட்டு இல்லை. அதனால்தான் அவருக்குப் பொறுப்பைக் கொடுத்தோம். ஆனால் விளையாட்டு இல்லாத புரோக்கர் எவ்வளவு ஆபத்தானவர் என்பதை இலையுதிர்காலம் வந்துதான் கண்டோம்.

ஸ்ரௌவ்வில் பக்கம் கமச் சாமானும் ட்ரக்டர்ப் பிளேட்டும் விற்கிற ஒரு பெரிய கடை. பார்க்கப் போகலாம் என்றார். அவரும் நானும் என்றால் இரண்டு பேர், ஆனால் பொம்பிளை பார்க்க ஒரு பெண் கட்டாயம் வர வேண்டுமாம். திரேசா அக்காவைக் கேட்டார். மூன்று பேராகப் போனால் காரியம் முறியும் என்று பிறகு பிலிப்பு அண்ணையையும் ஏற்றினார். மெசின் இல்லாத நாள் அது. பிலிப்பு அண்ணை கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஏனண்ணை இந்த உடுப்பு?" என்று கேட்டேன்.

"மாப்பிள்ளை வீட்டு ஆக்கள் எண்டால் ஒரு லெவலாய்ப் போக வேணும் தம்பி. ட்ரக்டருக்கு நாங்கள்தானே சொந்தம்."

கடையில் சிவப்புத் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் எங்களை வரவேற்று, கோப்பியும் டோனட்டும் எடுக்கச் சொன்னார். நான் ஒரு டோனட்டை வாயருகே கொண்டு போயிருப்பேன், புரோக்கர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கை நனைக்கப்படாது தம்பி. சாப்பிட்டால் சம்மதம் எண்டு எடுப்பினம்."

டோனட்டைத் திரும்ப வைத்தேன். தாடிக்காரர் சீனி வியாதியா என்று என்னிடம் இரக்கத்தோடு விசாரித்தார்.

பிறகு வரிசையாகக் காட்டினார். முதலில் ஸ்னோ புளோவர்: பனியை ஒரு பக்கத்தால் விழுங்கி, குழாயால் தூர எறிகிற சாமான். ட்ரக்டர் எஞ்சினின் பலத்தில்தான் அது சுழலும் என்று தாடிக்காரர் விளக்க, நான் மொழிபெயர்த்தேன்.

"அப்ப மாப்பிள்ளை உழைக்கிறது முழுக்க உவவுக்குத்தான் போகும்," என்றார் புரோக்கர். "அதோடை வீட்டுக்குள்ளை விழுந்ததை எல்லாம் அயல்வீட்டுக்கு எறியிற குணம். வேண்டாம்."

அடுத்தது இரண்டாக மடிகிற பிளேட். இரண்டு பக்கமும் பனியைத் தள்ளும். "ரெண்டு பக்கமும் கதைக்கிற ஆள். வேண்டாம்."

மூன்றாவது ஒரு பெரிய வாளி. "அள்ளி அள்ளிச் சேர்க்கும். தள்ளிக் குடுக்காது. உலோபி."

"பொம்பிளையளைப் பற்றி இப்பிடித்தான் எல்லா வீட்டையும் கதைக்கிறனீங்களோ?" என்று திரேசா அக்கா கேட்டார்.

"மாப்பிள்ளையளைப் பற்றிக் கதைக்கிறதைக் கேட்டால் நீங்கள் இன்னும் பயப்பிடுவியள் தங்கச்சி."

நாலாவதாக மூலையில் நின்றது ஒரு நேரான சிவப்புப் பிளேட். ட்ரக்டரை விட அகலம் கூட. புரோக்கருக்கு அது பிடிக்கவில்லை; மாப்பிள்ளையை விடப் பொம்பிளை பெரிதாக இருக்கலாமா? பிளேட்டைச் சரித்துப் பிடித்துத் தள்ளும்போது அகலம் குறையும், அப்போதும் சில்லு போகிற தடத்தை மூட வேண்டும் என்று தாடிக்காரர் சொன்னார். புரோக்கர் யோசித்தார். "அதுவும் சரி. அவன் உழக்கிப்போட்டுப் போறதை எல்லாம் உவதானே மறைக்க வேணும்." அடிவிளிம்பில் இரப்பர், வாசல் கல்லைச் சுரண்டாது. "மெதுவாய்க் கதைக்கும்." கல்லில் தடக்கினால் மடங்கிக் கொடுத்து, பின்னால் உள்ள சுருள்வில்லால் திரும்ப நிமிரும். "பார்த்தியளோ. வளைஞ்சு குடுக்கும், ஆனால் விழாது. இதுதான் குடும்பத்துக்கு ஏத்தது."

சொன்னால் நம்பமாட்டீர்கள், இயந்திரம் தெரிந்த ஒருவரும் எங்கள் வளவுக்கு இதைவிட நல்ல பிளேட்டைத் தெரிந்தெடுத்திருக்க மாட்டார். 

அப்போது பிலிப்பு அண்ணை மெல்லச் சொன்னார்: "அண்ணை, ட்ரக்டரின்ரை கையிலை எப்பிடிப் பூட்டுறது எண்டும் ஒருக்கால் கேளுங்கோவன். கொளுக்கி எல்லாம் ஒரே மாதிரி இராது."

"பிலிப்பு, முதல் சந்திப்பிலை உதெல்லாம் கேக்கப்படாது. சீதனம் கேக்கிற மாதிரி இருக்கும்."

அதற்குப் பதிலாக அவர் கேட்டது பிளேட்டின் பிறந்த தேதி. தாடிக்காரர் உத்தரவாதத்துக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்து, பின்னால் ஒட்டியிருந்த தகட்டைப் பார்த்துச் சொன்னார். புரோக்கர் கண்ணை மூடி விரல்விட்டுக் கணக்குப் பார்த்து, "செவ்வாய்க் குற்றம் இருக்கு," என்றார். எங்களுக்கு ஏமாற்றம். "ஆனால் எங்கடை பெடியனுக்கும் இருக்கு. ரெண்டும் சிவப்பு. செவ்வாய்க்குச் செவ்வாய் சரி." தாடிக்காரர் பில் போட ஆயத்தமானார். புரோக்கர் எழும்பிக் கைகூப்பி, "வீட்டிலை கதைச்சுப்போட்டு அறிவிக்கிறம்," என்றார். அதை நான் மொழிபெயர்த்த விதத்தில் தாடிக்காரர், வீட்டில் ஒரு பயங்கரமான மனைவி இருக்கிறாள் என்று விளங்கிக்கொண்டார்.

அடுத்த கிழமை திரும்பப் போனோம். "இன்னும் இங்கேதான் நிற்கிறது, வேறு ஒருவரும் கேட்கவில்லை," என்றார் தாடிக்காரர். புரோக்கருக்கு முகம் கறுத்தது. "ஏன் ஒருத்தரும் கேக்கேல்லை? ஏதோ இருக்கு." அதற்கடுத்த கிழமை தாடிக்காரர் புத்திசாலித்தனமாக, "நிறையப் பேர் கேட்கிறார்கள்," என்றார். "அப்ப பல இடத்திலை பேசிக் குழம்பினது." அதற்கும் அடுத்த முறை அந்த மனிதர் களைத்துப் போய் ஒன்றுமே சொல்லவில்லை. சும்மா கதிரையில் இருந்து நிலத்தைப் பார்த்தார்.

"இதுதான் மரியாதையான குடும்பம்," என்று சொல்லிப் புரோக்கர் ஒரு டோனட்டை எடுத்துக் கடித்தார். எங்கள் மூவருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். சம்மதம் முடிந்தது என்பது தாடிக்காரருக்கு மட்டும் தெரியாது.

வருகிற வழியில் திரேசா அக்கா பொறுமையிழந்து, "எங்கடை மாதா கோயிலிலை எண்டால் மூண்டு ஞாயிறு கலியாண ஓலை வாசிப்பினம், தடை இருந்தால் சொல்லச் சொல்லி. அதையும் செய்யுங்கோவன்," என்றார். குத்தலாகத்தான் சொன்னார். புரோக்கர் அதைப் பிடித்துக்கொண்டார். மூன்று ஞாயிறு எங்கள் வளவு வாட்ஸ்அப்பில் அறிவித்தல் வந்தது: இன்ன ட்ரக்டருக்கும் இன்ன பிளேட்டுக்கும் சம்பந்தம் பேசியிருக்கிறது, தடை அறிந்தவர்கள் தெரிவிக்கவும். இரண்டு பேர் வாழ்த்துச் சொன்னார்கள். ஒருவர் சாப்பாடு உண்டோ என்று கேட்டார்.

மூன்றாவது ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை காலை நான் புரோக்கர் வீட்டில் இருந்தபோது தொலைபேசி வந்தது. நம்பர் தெரியாதது. சத்தமாகக் கேட்கும்படி போட்டார். யாரோ வாயில் துணியைப் பொத்திக்கொண்டு தொண்டையால் கதைத்தார்கள்.

"நான் ஒரு நலன்விரும்பி கதைக்கிறன். உந்தப் பிளேட் உங்கடை ட்ரக்டருக்குப் பூட்டாது. அதின்ரை கொளுக்கி வேறை. உங்கடையிலை இரும்பு ஊசி போட்டுப் பூட்டுற கை. தயவுசெய்து அளந்து பாருங்கோ."

பின்னால் பீப் பீப் என்று ஒரு சத்தம் விடாமல் கேட்டது. தொடர்பு அறுந்தது.

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். புரோக்கரோ கதிரையில் சாய்ந்து, கண் கலங்கிய சந்தோசத்தோடு சொன்னார்: "தம்பி, மொட்டைப் போன் கோல் வந்திட்டுது."

"அண்ணை, அந்த ஆள் சொல்லுறதிலை..."

"நல்ல சம்பந்தத்துக்குத்தான் மொட்டைக் கடிதம் வரும். கூடாததை ஆரும் குழப்பமாட்டினம், சும்மா பார்த்துக்கொண்டு இருப்பினம். ஆருக்கோ வயித்தெரிச்சல். பின்னாலை பீப் பீப் எண்டு கேட்டதே, லொறி ரிவேர்ஸ் எடுக்கிற சத்தம். கொம்பனிக்காரன்தான்."

"ஒருக்கால் அளந்தால் என்ன?"

"மொட்டைக் கோலைக் கேட்டுப் பொம்பிளையைச் சந்தேகப்பட்ட குடும்பம் உருப்பட்டதை நான் காணேல்லை."

அன்றைக்கே போய் முடித்தார். பிளேட் லொறியில் வந்து இறங்கியது. நேரே ட்ரக்டரில் பூட்டிப் பார்த்திருந்தால் விசயம் வெளித்திருக்கும். ஆனால் முகூர்த்தம் அடுத்த கிழமை வியாழக்கிழமை. அதற்கு முன்னர் இருவரும் ஒரு கூரையின் கீழ் இருக்கக் கூடாதாம். ஆகவே பிளேட் என் கராஜில் ஒரு பழைய சேலையால் மூடியபடி இருந்தது. என் கார் வெளியே குளிரில் நின்றது. என் மனைவி போகும்போதும் வரும்போதும் அந்தச் சேலையைத் தூக்கிப் பார்த்து, "சாப்பிட்டியோ பிள்ளை," என்று கேட்பாள்.

பனிக்கு வியாழக்கிழமை வரை பொறுமை இருக்கவில்லை. இரண்டு நாள் முந்தி, செவ்வாய்க்கிழமை விடிய யன்னலைத் திறந்தால் வளவைக் காணவில்லை. கார்களெல்லாம் இட்டலி மாதிரிப் புடைத்து நின்றன. ஏழரைக்கு வான். புரோக்கர் தொப்பியும் இல்லாமல் வந்து என் கதவைத் தட்டினார். "முகூர்த்தம் போகட்டும். பொம்பிளையைக் கொண்டு வாரும்."

இருவரும் சேர்ந்து பிளேட்டை வெளியே இழுத்தோம். அவர் ட்ரக்டரை மெதுவாக ஓட்டிக் கொண்டு வந்து கைகளைத் தாழ்த்தினார். பிளேட்டின் முதுகில் இருந்தது இரண்டு பெரிய கொளுக்கி. ட்ரக்டரின் கையில் இருந்தது இரண்டு சின்ன ஓட்டை. இது அதற்குள் போகாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 

அவர் இறங்கி வந்து பார்த்தார். மறுபடி ஏறி, இன்னொரு கோணத்தில் கொண்டு வந்தார். இறங்கினார். பிறகு, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்த மனிதர் இரண்டுக்கும் நடுவில் நின்று புத்தி சொல்லத் தொடங்கினார். "ரெண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்குடுக்க வேணும். தொடக்கத்திலை இப்பிடித்தான் இருக்கும்." சம்மட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். இரும்பு விட்டுக் கொடுக்கவில்லை.

திரேசா அக்கா வாசலில் வந்து நின்றார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். "மணி ஏழாகப் போகுது அண்ணை," என்று மட்டும் சொன்னார். அது ஏச்சை விட மோசமாக இருந்தது. புரோக்கர் பிளேட்டின் மேலேயே இருந்துவிட்டார். தலையில் பனி விழுந்துகொண்டிருந்தது, தட்டிவிடவில்லை. "தம்பி, பனி அள்ளுற சவளை எடும். கிண்டுவம். ஏலாட்டில் நான் அவரைத் தோளிலை தூக்கிக்கொண்டு போறன்." அவரே ஒரு வத்தல் மனிதர். சொன்னபடி செய்திருப்பார், இருவரும் விழுந்திருப்பார்கள்.

அப்போது திரேசா அக்காவின் பின்னாலிருந்து பிலிப்பு அண்ணை ஆஸ்பத்திரிக்குப் போகிற கோட்டோடு எட்டிப் பார்த்தார். "இஞ்சரப்பா, படிக்குக் கீழை கிடக்கிறதை இவையளுக்குக் குடும்."

பிள்ளைகள் பனியில் சறுக்குகிற பிளாஸ்டிக் வள்ளத்தில் வைத்து ஒரு இரும்புச் சட்டம் வெளியே வந்தது. ஒரு பக்கம் ஊசி போடுகிற ஓட்டை. மற்றப் பக்கம் கொளுக்கி மாட்டுகிற விளிம்பு. நடுவில் நிற்கிற சாமான். பூட்டாத இரண்டைப் பூட்டி வைக்கிறதற்கென்றே செய்தது.

புரோக்கர் அதைப் பார்த்தார். பிலிப்பு அண்ணையைப் பார்த்தார். "பீப் பீப்," என்றார்.

"ஓம். மெசினிலை படுத்திருந்துகொண்டுதான் எடுத்தனான். நாலு மணித்தியாலம் வேறை என்ன வேலை, ட்ரக்டர் வீடியோவாய்ப் பார்த்தன். போன் நேர்சின்ரை."

"நீர் பேரைச் சொல்லியிருக்கலாமே பிலிப்பு."

"சொன்னால், சாகப் பயந்துபோய்ச் சொல்லுறான் எண்டு நினைப்பியள். பிறகு நீங்கள் நித்திரை கொள்ளமாட்டியள். மொட்டைக் கோல் எண்டால் சந்தோசமாய் இருப்பியள் எண்டு தெரியும்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "குழப்ப ஏலாத கலியாணத்தை நடத்தித்தானே வைக்க வேணும். அதுதான் இதை எடுப்பிச்சனான். சம்மட்டியை எடுங்கோ, வான் வரப்போகுது."

ஊசிகளை அடித்து இறுக்கினோம். சட்டம் ட்ரக்டரின் கையில் ஏறியது. பிளேட் சட்டத்தில் கொழுவிக்கொண்டு "டக்" என்றது. புரோக்கர் வாயால் ஒரு கெட்டிமேளம் கொட்டினார், அவ்வளவுதான் சடங்கு. ஏறி இருந்து ஓட்டினார். அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. சரிந்த பிளேட்டால் பனி வலப்பக்கமாகச் சுருண்டு சுருண்டு விழ, திரேசா அக்காவின் வாசலிலிருந்து வீதி வரைக்கும் ஒரே நேர்கோடு. என் வீட்டு வாசலை அந்தப் பனியாலேயே மூடிவிட்டுப் போனார். அவர் வீதியைத் தொடவும் வான் சிக்னல் போட்டுக்கொண்டு திரும்பவும் சரியாக இருந்தது.

பிலிப்பு அண்ணை படியிறங்கி, ஒருவர் கையையும் பிடிக்காமல் நடந்து போய் வானில் ஏறினார். கண்ணாடியை இறக்கி, "பொம்பிளை கெட்டிக்காரி அண்ணை," என்றார். வான் போய் மறையும் வரைக்கும் திரேசா அக்கா பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "ட்ரக்டர் நிக்கட்டும்," என்று சொல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கமிற்றியின் தீர்மானம் அவ்வளவுதான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க வான் ஒரு நாளும் பிந்தவில்லை. மெசின் நாட்களில் புரோக்கர் பிலிப்பு அண்ணை வாசலைத்தான் முதலில் வழிப்பார். வான் போன பிறகு, அவர் திரும்பி வரும்போது சறுக்குமென்று அதையே இன்னொரு முறை வழிப்பார். மற்ற வாசல்களுக்கு வர மத்தியானமாகும், பழைய கொம்பனிக்காரர் வருகிற அதே நேரம். வேலைக்குப் பிந்தினவர்கள், பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் ஒருவரும் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை.

நான் என் வாசலில் கால் புதைய நின்று, அவர் எங்கள் பக்கம் திரும்பும்வரை, கையில் அவருக்கென்று ஒரு தேத்தண்ணிக் கோப்பையை மூடிப் பிடித்துக்கொண்டிருப்பேன். அவருக்குச் சீனி கொஞ்சம் கூடப் போட வேண்டும்.